1938இல் கட்டிய தாத்தா வீடு: பூசலாமா, பிரித்து மேயலாமா, இடித்துவிடலாமா?

திண்ணைக்காரன் · மார்ச் 9

மன்னார்குடியிலிருந்து பாமணி ஆற்றோரமாகப் போனால் வரும் ஒரு கிராமத்தில் எங்கள் தாத்தா கட்டிய வீடு. வாசல் நிலைக்கு மேலே சுதையில் 1938 என்று எழுதியிருக்கிறது. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், பின்னால் அடுக்களை, கொல்லையில் கிணறு. முன்கட்டுக்கு மட்டும் மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிப் போடும் தட்டையான தளம்), மற்றதெல்லாம் ஓடு.

அப்பா போன வருடம் தவறிவிட்டார். அம்மாவுக்கு 71. திருப்பூருக்கு என்னோடு வாருங்கள் என்றால், "கிணத்துத் தண்ணி குடிச்ச உடம்பு, பைப்புத் தண்ணி ஒத்துக்காது" என்கிறார். வீட்டைப் பூட்ட மனசில்லை, அதுதான் விஷயம்.

வீட்டின் நிலை: சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்து, தொட்டால் பூச்சு கையோடு வருகிறது. 2018 கஜா புயலில் வடக்குத் தாழ்வாரத்து ஓடு பாதி பறந்தது. அவசரத்துக்கு என்று அப்பா தகரம் போட்டார். அந்த அவசரம் இன்னும் முடியவில்லை. முன்கட்டில் ஒரு உத்தரம் தொய்ந்திருக்கிறது. சாலை மேல் சாலை போட்டுப் போட்டுத் தெரு இப்போது வாசற்படியைவிட அரை அடி உயரம். கழிப்பறை கொல்லைக் கோடியில், அம்மாவுக்கோ முட்டிவலி.

இரண்டு பேரைக் கூட்டிவந்து காட்டினேன். ஒருவர், "இடிச்சிட்டு 900 சதுர அடியில புதுசா போட்டுக்கலாம், பழைய மரத்தை நானே எடுத்துக்கறேன்" என்றார். இன்னொருவர், பூச்சை எல்லாம் கொத்திவிட்டு சிமெண்டில் வாட்டர்ப்ரூஃப் மருந்து கலந்து பூசினால் முப்பது வருடம் அசையாது என்றார். கையில் 12 லட்சம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

சாந்துக்கரண்டி · மார்ச் 9

முதலாமவர் உங்கள் வீட்டைப் பார்க்கவில்லை, தேக்கைப் பார்த்திருக்கிறார். அவரை விடுங்கள்.

இரண்டாமவர் சொன்னதைச் செய்வதற்கு முன்னால் ஒரு கேள்வி. இப்போது உதிர்கிற பூச்சு சுண்ணாம்பா, சிமெண்டா? எப்போது பூசியது?

திண்ணைக்காரன் · மார்ச் 9

சிமெண்ட்தான். 1996இல், அக்கா கல்யாணத்துக்கு. அதற்கு முன்னால் பொங்கலுக்கு வெள்ளையடித்தால் அடுத்த பொங்கல்வரை சுவர் அப்படியே இருக்கும் என்கிறார் அம்மா.

சாந்துக்கரண்டி · மார்ச் 10

அம்மாவே நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

அந்தக் காலத்துச் சுவர் செங்கல்லும் மண்சாந்தும். அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரத்தைத் தடுக்கிற அடுக்கு எதுவும் கிடையாது. உங்கள் ஊரோ களிமண் பூமி, ஆறு வேறு பக்கத்தில். கீழேயிருந்து ஓதம் ஏறத்தான் செய்யும், 1938இலும் ஏறியது. சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும், காற்றில் காய்ந்துபோகும். நீங்கள் சிமெண்டால் மூடியதும் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. அது இன்னும் மேலே ஏறும். கூடவே வந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி அதைத் தள்ளும். வாட்டர்ப்ரூஃப் மருந்து போட்டுப் பூசினால் மூடி இன்னும் இறுக்கமாகிறது, அவ்வளவுதான். இப்போது இடுப்பு வரை இருப்பது அப்புறம் தோள் வரை வரும்.

என் அப்பா கொத்தனார். 90களில் இப்படி எத்தனையோ வீட்டுக்கு சிமெண்ட் பூசியவர். "கேட்டாங்க, பூசினேன்" என்பார். அதனால் பழியில் எனக்கும் பங்குண்டு.

சிமெண்டை எடுங்கள். ஒரு கோடை முழுக்கச் சுவர் அம்மணமாகக் காயட்டும். அப்புறம் சுண்ணாம்பு.

பட்டவன் · மார்ச் 10

நான் வேறு பாட்டுப் பாடுகிறேன், கோபிக்காதீர்கள்.

சிவகங்கைப் பக்கம் எங்கள் பாட்டன் வீடு. மூன்று வருடம், 31 லட்சம். தூணுக்கு மெருகு போட்டேன், ஆத்தங்குடிக் கல் பதித்தேன். கண்ணாடி மேல் வார்த்துக் கையால் செய்கிற கல், சூளையில் சுடுவதில்லை, தேய்க்கத் தேய்க்கத்தான் பளபளப்பு வரும். தேய்க்க ஆள்? வருடத்தில் ஆறு நாள் போகிறோம். மீதி 359 நாளும் வௌவால் குடியிருக்கிறது. போன முறை போனபோது இரண்டு நாள் புழுக்கை அள்ளினோம், ஒரு நாள் சண்டை போட்டோம், கிளம்பிவிட்டோம்.

பழைய வீடு வயதானதால் கெடுவதில்லை, பூட்டுவதால்தான் கெடுகிறது. அம்மா இருக்கும்வரை சரி. அதற்கப்புறம் அந்த வீட்டில் விளக்கேற்றப் போவது யார்? அதைச் சொல்லுங்கள், இடிக்கலாமா வேண்டாமா என்று நான் சொல்கிறேன்.

பத்திரப்பை · மார்ச் 11

சுண்ணாம்பு, சிமெண்ட் எல்லாம் இருக்கட்டும். வீடு யார் பேரில்?

திண்ணைக்காரன் · மார்ச் 11

பட்டா அப்பா பேரில். தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டியது. 1974இல் இறந்தார், உயில் இல்லை. பாட்டி 1990இல். அப்பா, சித்தப்பா, மூன்று அத்தைகள். அத்தைகளுக்கெல்லாம் கல்யாணத்தின்போதே நகை போட்டு அனுப்பியாகிவிட்டது, 1989க்கு முன்னால் கல்யாணமானவர்களுக்குப் பங்கு இல்லை என்று சித்தப்பா சொல்கிறார்.

பத்திரப்பை · மார்ச் 11

சித்தப்பா தப்பான சட்டத்தைச் சொல்கிறார்.

1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், 2005இல் வந்த மத்தியத் திருத்தம், 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லாமே பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளின் உரிமை பற்றியவை. உங்கள் தாத்தாவுடையது சுயசம்பாத்தியம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் இல்லாமல் இறந்த ஆணின் சொந்தச் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமமாகப் போகும். மகளுக்குக் கல்யாணம் ஆனதா, எப்போது ஆனது என்ற கேள்வியே அங்கே கிடையாது. நகை போட்டது பாசம், பத்திரம் அல்ல. குடியிருக்கும் வீடாக இருந்தால் ஆண் வாரிசுகள் பிரிக்கிறவரை மகள்கள் பாகம் கேட்க முடியாது என்று 23ஆம் பிரிவு ஒன்று இருந்தது. அதையும் 2005இல் எடுத்துவிட்டார்கள்.

பாட்டி பங்கும் பிள்ளைகளுக்கே வந்தாயிற்று. ஆக ஐந்து பேருக்கும் ஐந்தில் ஒன்று. அப்பாவின் அந்த ஒன்று அம்மா, அக்கா, நீங்கள் என்று மூன்றாகப் பிரியும். நீங்கள் 12 லட்சம் போடப் போகும் வீட்டில் உங்கள் பங்கு பதினைந்தில் ஒன்று. பட்டா வரி கட்ட உதவும், உரிமையை அதில் நிரூபிக்க முடியாது.

எல்லோரிடமும் விடுதலைப் பத்திரம், அதாவது தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம், வாங்குங்கள். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலைக்குப் பிறகு அது 40,000, 10,000. எந்த உறவெல்லாம் அந்தச் சலுகைக்குள் வரும் என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பத்திரம் எழுதுங்கள்.

திண்ணைக்காரன் · மே 2

பதினைந்தில் ஒன்று என்று படித்த அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. ஆனால் நல்ல வேளை கேட்டீர்கள்.

தஞ்சாவூர் அத்தை போனிலேயே சரி சொல்லிவிட்டார். சின்ன அத்தை இல்லை. அவர் மகன் மஸ்கட்டில். தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பினான். சித்தப்பா தொகை கேட்டார். பேசிப் பேசி 2 லட்சத்தில் முடிந்தது. அதாவது ஒரு செங்கல்லைக்கூட இன்னும் தொடவில்லை, 12 லட்சம் 10 ஆகிவிட்டது.

திருச்சி பெரியத்தைக்கு 82 வயது. காசு வேண்டாம் என்றார். ஒரே நிபந்தனை: "முத்தத்தை மூடக் கூடாது. எங்க மூணு பேருக்கும் அங்கதான் சடங்கு சுத்துனாங்க. அதை மூடுறதா இருந்தா கையெழுத்து இல்ல." பத்திர எழுத்தரிடம் இதை எந்த ஷரத்தில் சேர்ப்பது என்று கேட்டேன். அவர் சிரிக்கவே இல்லை, "வாய்மொழியா வச்சுக்குங்க தம்பி" என்றார்.

நிழல்தேடி · மே 2

முற்றத்துக்கு மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டால் மூடின மாதிரியும் இருக்காது, வெளிச்சமும் வரும், மழையும் உள்ளே அடிக்காது. எங்கள் தெருவில் மூன்று வீட்டில் போட்டிருக்கிறார்கள்.

சாந்துக்கரண்டி · மே 2

சித்திரையில் அந்த மூன்று வீட்டுக்கும் மதியம் ஒரு தடவை போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். சூடான காற்று மேலே போகத்தான் முற்றமே. அதற்கு மூடி போட்டால் கூடம் இட்லிப் பானை. இரும்புக் கிரில் போதும்.

நாஞ்சிலான் · மே 4

ஓட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஒரு ஓட்டைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள், அடியில் என்ன அச்சு இருக்கிறது?

திண்ணைக்காரன் · மே 5

தெற்குப் பக்கம் ஃபெரோக் என்று கேரளத்து ஊர்ப் பெயர் இருக்கிறது. மேற்கில் வேறு ஏதோ, தேய்ந்துவிட்டது. கிழக்கில் இரண்டும் கலந்து கிடக்கிறது.

நாஞ்சிலான் · மே 5

ஒழுக்குக்குக் காரணம் அந்தக் கலப்புதான். மங்களூரில் சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் பாதிரிமார்கள் 1865இல் முதல் தொழிற்சாலை போட்ட பிறகு மேற்குக் கடற்கரை நெடுகச் சூளைகள் வந்தன. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி ஓடு. ஆனால் ஒரு சூளை ஓட்டின் கவ்வு இன்னொரு சூளை ஓட்டில் சரியாக உட்காராது. நூல் அளவு இடைவெளிதான், ஐப்பசி மழைக்கு அது போதும். உடைந்த இடத்தில் கிடைத்த ஓட்டைச் செருகிச் செருகியே எங்கள் வீட்டில் பதினைந்து வருடம் பாத்திரம் வைத்தோம்.

ஒரே வழி, முழுக்கப் பிரித்து மேய்வது. இறக்கும்போதே அச்சு பார்த்துத் தனித்தனியாக அடுக்குங்கள். ஒரு சிறகுக்கு, அதாவது ஒரு பக்கக் கூரைக்கு, ஒரே சாதி ஓடு. குறைவதை இடிக்கிற வீடுகளில் வாங்கலாம், மாதிரிக்கு ஒரு ஓட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஓடு உட்காருகிற மரச்சட்டமான ரீப்பரை மாற்றாமல் ஓட்டை மட்டும் மாற்றாதீர்கள். அதைவிட முக்கியம் கூடுவாய். முற்றத்தின் நாலு மூலையிலும் இரண்டு சிறகுத் தண்ணீரும் சேர்ந்து விழுகிற இடம். அங்கே சிமெண்ட் வைத்து அடைக்கிறேன் என்று எவராவது வந்தால் ஏணியை எடுத்துவிடுங்கள். அகலமான தகரம்தான், இரண்டு பக்கமும் ஓட்டுக்கு அடியில் ஒரு சாணாவது உள்ளே போக வேண்டும்.

யாழ்_வளவு · மே 6

எங்கட வீடு யாழ்ப்பாணத்தில, வலிகாமம் வடக்கில. 1990 ஆனியில சண்டையால வெளிக்கிட்டோம், திரும்பிப் போகும்போது எனக்குத் தலை நரைச்சிட்டுது. சுண்ணாம்புக் கல்லுச் சுவர் நிண்டது. பனஞ்சிலாகை (கூரைச் சட்டம்), ஓடு, கதவு, யன்னல் ஒண்டும் இல்லை. கிணற்றுக் கப்பியையும் கழட்டிக்கொண்டு போயிட்டினம். முற்றத்தைச் சுத்தின நாற்சாரில ஒரு பக்கத்தை மட்டும் திருத்தி இருக்கிறோம்.

ஒண்டு சொல்ல வந்தனான். உங்கட கைபிடிச் சுவரில அரசங்கன்று ஏதும் நிண்டால் இழுக்க வேண்டாம். நாங்கள் இழுத்து, வேரோட மூண்டு அடிச் சுவரும் வந்தது. அடியோட வெட்டி, வேரைச் சாகவிட்டுத்தான் எடுக்க வேணும்.

திண்ணைக்காரன் · மே 6

இரண்டு நிற்கின்றன. நேற்றுத்தான் ஒன்றை இழுக்கப் பார்த்தேன், அசையவில்லை என்று விட்டுவிட்டேன். நன்றி அண்ணா.

திண்ணைக்காரன் · ஆகஸ்ட் 18

நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிமெண்ட் பூச்சு முழுக்க எடுத்தாகிவிட்டது. ரேழிச் சுவரில் மூடிக்கிடந்த ஒரு மாடக்குழி வெளியே வந்தது. சித்தாள் அக்கா, "புதையல் இருந்தா எனக்குப் பாதி" என்றார். உள்ளே கரையான் புற்று. பாதியென்ன, முழுசாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாரைத் தேடி ஒரு மாதம் போனது. கடைசியில் கோயில் திருப்பணியில் வேலை பார்த்த ஒரு பெரியவர் கிடைத்தார். கொல்லையில் தொட்டி கட்டி, சுட்ட சுண்ணாம்பைத் தாளித்தோம். தண்ணீரில் போட்டதும் உலை மாதிரி கொதிக்கிறது, நான் எட்டிப் பார்க்கப் போய்த் திட்டு வாங்கினேன். கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடுமாம். மூன்று வாரம் ஊறவிட்டார். கடுக்காயும் வெல்லமும் தனியாகப் பானையில் ஊறி, தெருவே நாறியது. பூசிய பிறகும் அவசரப்பட விடவில்லை, நாலு நாள் தண்ணீர் தெளித்து, தேய்த்து, மறுபடி தேய்த்து. சிமெண்டில் இரண்டு நாளில் முடிகிற சுவருக்குப் பத்து நாள். நடுவில் மருமகள் வளைகாப்பு, குலதெய்வக் கோயில் என்று பன்னிரண்டு நாள் காணாமல் போனார். ஆனால் வேலை! கன்னத்தைச் சுவரில் வைத்துப் பார்க்கலாம் போல இருக்கிறது.

இனி அடி வாங்கிய கதை.

எலெக்ட்ரீஷியன், வயர் போட நான் இல்லாத நேரத்தில் கட்டர் வைத்துக் கூடத்துச் சுவரில் குறுக்காக ஏழு அடி அறுத்துவிட்டார். மண்சாந்துச் சுவர். அறுத்த இடத்துக்கு மேலே நாலு வரிசைச் செங்கல் மடியில் உட்காருவது போல இறங்கி உட்கார்ந்தது. யாருக்கும் அடியில்லை. திருப்பிக் கட்ட 38,000. இப்போது எல்லாம் சுவருக்கு வெளியே குழாயில்தான் போகிறது. முதலில் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார், இப்போது அதில் துண்டு காயப்போடுகிறார்.

தொய்ந்த உத்தரத்தின் கதை வேறு. மேல்தளம் ஒழுகுகிற போதெல்லாம் பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதிதாகத் தட்டோடு பதித்திருக்கிறார்கள். கொத்திப் பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தளம், நடுவில் சிமெண்ட் கான்கிரீட் வேறு. அந்த எடையை எண்பது வருடத்து மரம் எப்படித் தாங்கும்? ஆசாரி உளியின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனார், நடுவிலெல்லாம் கணீரென்று இருந்தது. சுவருக்குள் புதைந்த நுனி மட்டும் பொத்தென்றது. உளியை வைத்தால் வெண்ணெயில் போவது போலப் போகிறது. முட்டுக் கொடுத்து, அடியில் இரும்பு ஐ செக்‌ஷன் ஒன்றைத் தூணிலிருந்து தூணுக்குக் கொடுத்தோம். அழகில்லைதான். ஆனால் மரத்தைக் கழற்றினால் மேலே இருக்கும் செங்கல் வரிசை எல்லாம் கழன்றுவிடும்.

கழிப்பறையைச் சுவரை உடைத்து உள்ளே கொண்டுவரவில்லை. பின்தாழ்வாரத்தை ஒட்டித் தனிச் சுவரில் கட்டி, நடுவே ஒரு அங்குல இடைவெளி விட்டோம். தண்ணீர்க் குழாய் எதுவும் பழைய சுவருக்குள் போகக் கூடாது என்று சாந்துக்கரண்டி தனிமடலில் போட்ட போடு அப்படி. அம்மா முதல் நாள் போய்விட்டு வந்து ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டு மாமியைக் கூட்டிவந்து காட்டினார்.

இதுவரை 16 லட்சத்து 80,000. சித்தப்பாவைச் சேர்த்து.

நிழல்தேடி · ஆகஸ்ட் 18

தெரு உயரத்துக்கு என்ன செய்தீர்கள்? ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாமே. சென்னையில் நிறையச் செய்கிறார்கள்.

சாந்துக்கரண்டி · ஆகஸ்ட் 19

மண்சாந்துச் சுவரை ஜாக்கியில் ஏற்றினால் பாதி மேலே வரும், பாதி அங்கேயே இருக்கும்.

திண்ணைக்காரன் · ஆகஸ்ட் 19

தரையை உயர்த்தலாமா என்று யோசித்தேன். உயர்த்தினால் கதவு திறக்காது, நிலையில் தலை இடிக்கும். கூடத்தில் இருப்பது ரெட் ஆக்சைடு தரை, ஒரு கீறல்கூட இல்லை, அதை எதற்குப் புதைக்க வேண்டும்? திண்ணைக்கு வெளியே ஒரு அடி அகலத்தில் வாய்க்கால் வெட்டிக் கொல்லைக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன். பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள் என்று 2021இலேயே அரசு சொன்னது. எங்கள் தெருவுக்கு அந்தக் கடிதம் இன்னும் வரவில்லை போலிருக்கிறது.

திண்ணைக்காரன் · டிசம்பர் 4

முதல் பெருமழை முடிந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது, நான் லீவு போட்டுவிட்டு டார்ச்சும் கையுமாகச் சுற்றினேன்.

சுவர் காய்ந்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அடியில் ஒரு முழம் கறுத்தது, மழை விட்ட நாலாவது நாள் வெளுத்துவிட்டது. பூச்சு உதிரவில்லை. வாய்க்கால் ஒரு தடவை நிரம்பித் திண்ணை விளிம்பைத் தொட்டது, உள்ளே வரவில்லை. மேற்குச் சிறகில் இரண்டு இடத்தில் ஒழுகியது. ஏறிப் பார்த்தால் குரங்கு. ஓட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறது, ஏதோ மேய வந்தது மாதிரி. தென்கிழக்கு மூலைக் கூடுவாயில் மட்டும் சொட்டுகிறது, காரணம் பிடிபடவில்லை.

மொத்தம் 19 லட்சத்து 40,000. நகைக்கடன் இருக்கிறது. பெரியத்தை வந்து நாலு நாள் தங்கினார். முற்றத்துக் கிரில்லைப் பார்த்து, "இது மூடுறதுல சேருமா சேராதா" என்று அம்மாவோடு ஒரு வழக்கே நடந்தது. சேராது என்று தீர்ப்பு.

பட்டவன் · டிசம்பர் 5

மார்ச்சில் ஒரு கேள்வி கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவே இல்லை.

திண்ணைக்காரன் · டிசம்பர் 5

தெரியவில்லை அண்ணா. பையன் ஒன்பதாவது படிக்கிறான், அந்த வீட்டில் அவனுக்குப் பிடித்தது கிணறு மட்டும்தான். நான் ஓய்வுபெற இன்னும் பதினோரு வருடம். அதுவரை அம்மா இருந்தால் நான் வருவேன். இல்லாவிட்டால் உங்கள் வௌவாலின் சொந்தபந்தம் இங்கேயும் வரும். விற்கக் கூடாது என்றெல்லாம் நான் சத்தியம் பண்ணவில்லை.

பட்டவன் · டிசம்பர் 5

சரி, நேராகச் சொன்னீர்கள்.

அது போகட்டும். அந்தக் கூடுவாய்க்கு என்ன தகரம் போட்டீர்கள்? எங்கள் வீட்டில் இரண்டாம் கட்டு மூலை இந்த மழையில் போய்விட்டது. வாட்ச்மேன் படம் அனுப்பியிருக்கிறார்.

திண்ணைக்காரன் · டிசம்பர் 5

ஜி.ஐ. தகரம், 24 கேஜ், இரண்டரை அடி அகலம்.

நாஞ்சிலான் · டிசம்பர் 6

ஆணி ஓரத்தில் மட்டும்தான், நடுவில் ஒன்றுகூடக் கூடாது. திண்ணைக்காரன், உங்கள் தென்கிழக்கு மூலையையும் ஏறிப் பாருங்கள். யாரோ நடுவில் ஒன்று அடித்திருப்பார்கள்.

திண்ணைக்காரன் · டிசம்பர் 7

ஒன்றல்ல, மூன்று.